பதிலுக்குக் காத்திராத நர்ஸம்மா

போடியிலிருந்து மலைக்கு ஏறும் ஜீப்பில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டியைத் திருகாணி போட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். மேலே போவதற்காக ஏறி உட்கார்ந்திருந்த நர்ஸம்மா குனிந்து பார்த்து, "இதுக்குள்ள என்ன தம்பி இருக்கு?" என்றார். சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் அந்தப் பெட்டி. உள்ளே சின்னக் கம்ப்யூட்டரும் ஒயர்லெஸ் கருவியும் இருந்தன. அவர் வேலை பார்த்த மலையூரில் அப்போது செல்போன் டவர் கிடையாது. துணை சுகாதார நிலையத்தை ஒட்டிய அறையில் நாங்கள் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தோம். அதில் எழுதுவதெல்லாம் அங்கேயே கிடக்கும். காலையில் ஜீப் வாசலில் வந்து நின்றதும் தானாகப் பெட்டிக்குள் ஏறிக்கொள்ளும். போடி ஸ்டாண்டுக்கு வந்ததும் எங்கள் அலுவலக இணையத்தில் இறங்கி வெளியே போகும். பதில்கள் சாயங்காலம் அதே ஜீப்பில் மலையேறும். டவர் வராத ஊருக்குக் குறைந்த செலவில் இணையம் தருவது எங்கள் திட்டம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப தபால்பைதான். மழையில நனையாமப் பாத்துக்கங்க," என்றார் நர்ஸம்மா.

அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. வீடும் கணவரும் காமயகவுண்டன்பட்டியில். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மலையிலேயே தங்கிவிடுவார். அந்தப் பெட்டியை அவரளவுக்கு யாரும் பயன்படுத்தவில்லை. ஆறாத புண், குழந்தையின் சொறி, விடாத இருமல் என்று படமும் குறிப்பும் அனுப்புவார். தேனியில் ஒரு டாக்டரம்மா மத்தியானம் அவற்றைப் பார்த்துப் பதில் எழுதுவார். ஏலக்காட்டில் கூலிக்குப் போகிறவர்களுக்கு மலை இறங்குவதென்றால் ஒரு நாள் வேலை போயிற்று. அந்த அலைச்சல் மிச்சமானதில் ஊருக்குப் பெட்டி மேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் "பெட்டியில கேட்டுச் சொல்லுங்க" என்றார்கள். எங்கள் கூட்டங்களில் இதைத்தான் வெற்றி என்று பேசிக்கொண்டோம்.

ஐப்பசி மழையின்போது, பேட்டரி மாற்றுவதற்காக நான் மேலே போய்த் தங்கியிருந்தேன். காலையில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவள் கணவனும் மாமியாரும் கூட்டிவந்தார்கள். முகமும் காலும் வீங்கியிருந்தன. இரண்டு நாளாகத் தலைவலி. நர்ஸம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தார். இரண்டு தடவையும் அதிகமாகவே இருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து குறிப்பை எழுதினார். வாசலில் வந்து நின்ற ஜீப்பின் பெட்டிக்குள் அது ஏறியதும் வெளியே போய் டிரைவரிடம், "நிறுத்திவைப்பா, ஆள் வருது," என்றார்.

கணவன் திகைத்துப்போனான். "பெட்டியிலதான் கேட்டுட்டீகள்ல நர்ஸம்மா? சாயங்காலம் பதில் வந்துரும்ல. இம்புட்டு மழையில இவளக் குலுக்கி எடுத்துக்கிட்டு எதுக்குப் போகணும்?"

"தலைவலிதான, கஷாயம் வச்சுக் குடுத்திருக்கேன்," என்றாள் மாமியார்.

நர்ஸம்மா குரலை உயர்த்தவில்லை. "சாயங்காலம் பதில் வரும். அதுல கூட்டிட்டு வான்னு இருந்தா, அடுத்த ஜீப்பு நாளைக்குக் காலையில. அதுக்குள்ள இவளுக்கு வலிப்பு வந்தா இங்கன என்கிட்ட என்ன இருக்கு?"

அவன் என் பக்கம் திரும்பினான். "சார், கொஞ்சம் வெரசா பதில் வரவைக்க முடியாதா?" முடியாது என்றேன். ஜீப் எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் அந்தப் பெட்டியின் வேகம்.

நர்ஸம்மா அந்தப் பெண்ணிடம், "ஏத்தா, கண்ணு எப்படித் தெரியுது?" என்று கேட்டார். அதுவரை பேசாதிருந்தவள், "பூச்சி பறக்குற மாதிரி இருக்குக்கா. போயிருவோம்," என்று சொல்லிவிட்டுத் தானே எழுந்து மழையில் நடந்து ஜீப்பில் ஏறினாள். கணவன் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். நர்ஸம்மாவும் ஏறிக்கொண்டார். அவளைப் பற்றிய கேள்வியோடு அவளும் அதே வண்டியில் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் ஜீப் திரும்பியபோது அதில் மூவரும் இல்லை. போடியில் ஆம்புலன்ஸில் ஏற்றித் தேனிக்கு அனுப்பினார்கள், அதற்கு மேல் தெரியாது என்றார் டிரைவர். அறைக்குள் கம்ப்யூட்டரில் டாக்டரம்மாவின் பதில் வந்து விழுந்தது. மாமியார் என் அருகில் நின்றுகொண்டு, "என்ன தம்பி போட்டிருக்காக?" என்று கேட்டாள். 'காத்திருக்க வேண்டாம். இன்றே கீழே அனுப்பவும்' என்று படித்துக் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள். "காலையிலயே போயிட்டாக," என்றாள், பதில் எழுதியவருக்குச் சொல்வதுபோல. பிறகு அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அன்று வேறு எந்த விதத்திலும் செய்தி வர வழியில்லை.

மறுநாள் சாயங்காலம் கடைசி வளைவு திரும்பும் முன்பே ஜீப்பின் ஹாரன் விடாமல் கேட்டது. "பொம்பளப்பிள்ள! ரெண்டு பேரும் நல்லாருக்காக!" என்று டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். ஆபரேஷன் செய்து எடுத்த, எடை குறைந்த குழந்தை. அதன் படம் பெட்டியில் வந்திருந்தது. மாமியார் அதைப் பார்த்தபோது ஊரில் பாதிப்பேர் அறைக்குள் இருந்தார்கள்.

ஆண்டறிக்கையில் அந்தச் சம்பவத்தைச் சேர்க்க எங்கள் தலைவர் விரும்பினார். பெட்டி இரண்டு உயிரைக் காப்பாற்றியதாக எழுதி, நர்ஸம்மாவின் கையெழுத்தை வாங்கிவர என்னை அனுப்பினார். அவர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ஜீப்புன்னு மாத்தி எழுதுங்க, போடுறேன்." தலைவர் அப்படி மாற்றவில்லை, அறிக்கை அந்தச் சம்பவம் இல்லாமலே போயிற்று. அதன்பிறகு நர்ஸம்மா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். நாளை வரை தாங்கும் என்று பட்டதை மட்டும் பெட்டிக்குக் கொடுத்தார். மற்றதற்கு ஆளையே ஏற்றினார்.

சில ஆண்டுகளில் டவர் வந்தது. பெட்டியை நானே கழற்றினேன். வருத்தம் எதுவும் இல்லை, அதன் வேலை முடிந்திருந்தது. நர்ஸம்மா ஓய்வுபெற்று ஊரோடு இருக்கிறார். போன மாதம் கம்பத்துக்குப் போனவன், காலையில் அவரைப் பார்க்கப் போனேன். திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. இப்போதும் மலையிலிருந்து அவருக்கு ஓயாமல் படங்கள் வருகின்றன. அனுப்பிய நொடியில் வந்துவிடுகின்றன. புது நர்ஸ் இருக்கிறார் என்று சொன்னாலும் ஊர்க்காரர்கள் கேட்பதில்லை. மலைப்பாதை மட்டும் அப்படியே இருக்கிறதாம். ஜீப்பும் நாளுக்கு அதே ஒரு நடைதான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மலையிலிருந்து யாரோ ஒரு பெண் பதற்றமாக, குழந்தையின் படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள் என்றாள். மூக்குக்கண்ணாடி உள்ளறையில் இருந்தது. நர்ஸம்மா அதை எடுக்க எழுந்திருக்கவில்லை.

"படம் இருக்கட்டும்த்தா. மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே செருப்பில் காலை நுழைத்தார். "ஜீப்பு அங்கனதான நிக்குது? போக விடாத. நான் போடிக்கு வந்துர்றேன். ஏறு."