தியோதிவாக்கனில் ஒரு வட்ட அறை

என் தாய்மாமன் பிலாச்சி, பழைய மெக்சிகோவின் தியோதிவாக்கன் நகரின் மேற்கே குடியேறிய, தெற்கு மலைநாட்டுச் சபோதேக்கு இனக் குயவர். கட்டிக்கொண்டதோ கடற்கரைக்காரர் பெண் ஷனாத் அத்தையை. அவள் சனம் வட்ட வீட்டில்தான் குடியிருக்கும்.

"மூலை இருக்கிற அறையில எனக்குத் தூக்கமே வரல. மழைக்கு முன்னாடி வட்டமா ஒண்ணு கட்டலேன்னா அப்பா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள். மாமா கட்டிவிட்டார்.

எங்கள் வளாகத்தில் பதினெட்டுக் குடும்பங்கள். நகரச் சட்டப்படி சுவரெல்லாம் நகரின் நடுவே ஓடும் பெரிய சாலையின் போக்கிலேயே நேராக நிற்க வேண்டும். இடிக்கச் சொல்ல வந்த தலைவர் பெலாபேயையும் மூன்று பெரியவர்களையும் அத்தை உள்ளே உட்காரச் சொன்னாள். நால்வரும் நின்றார்கள். எங்களில் மூத்தவருக்குக் கிழக்கு மூலை, மற்றவர்கள் அங்கிருந்து வாசல் வரை வரிசையாக உட்கார வேண்டும். இங்கே மூலையே இல்லை.

"முதல் இடம் எதும்மா?" என்றார் தலைவர்.

"நீங்க உட்கார்ற இடந்தான் பெரியவரே."

அவர் திருப்தியாக உட்கார்ந்தார். நாற்பது வருடமாக வாசல் காற்றில் உட்காரும் கடைசிப் பெரியவர், "அப்ப என் இடம்?" என்றார்.

"வட்டத்துல கடைசி ஏது சித்தப்பா?"

அவர் தலைவரை ஒட்டி உட்கார்ந்து, அத்தை நீட்டிய தட்டிலிருந்து சுடச்சுட ஒரு சோளக் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டார். "இதை இடிக்கிறவன் முதல்ல என்னைத் தூக்கி வெளிய போடட்டும்."

யாரும் தூக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை அப்பா வீட்டுக்குப் போனது திருவிழாவுக்கு மட்டும்தான்.