மாணிக்கத்துக்குக் குரல் கொடுத்தவர்

திரைக்கு அந்தப் பக்கம், கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்வதாக விற்கப்படும் மென்பொருள்கள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். யார் எப்போது உள்ளே வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், எந்தப் பொத்தானைத் தொட்டார் என்றெல்லாம் அவை சொல்லும். கேட்டாரா என்று சொல்வதில்லை.

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் சபீனா. சென்ற வெள்ளிக்கிழமை காலை அவர் காலமானார்.

நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "சொல்லுங்க சபீனா" என்றேன். பேசியது அவருடைய அண்ணன். "மேடம், தங்கச்சி தவறிட்டாங்க. காலைல மயங்கி விழுந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." என்றார். மூளையில் ரத்தக் கசிவு. சபீனாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். உக்கடத்தில் இருக்கும் அவர்கள் வீட்டில் பெண்களோடு நான் உட்கார்ந்திருந்தேன். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானுங்களா டாக்டரம்மா? இன்னிக்கும் டாக்டரம்மாகூடச் சண்ட போட்டேன்னு சொல்லிக்கிட்டேதான் ஊட்டுக்குள்ள வருவா" என்றார்.

அவரோடு வேலை செய்தவர்கள் சிலர் இதைப் படிக்கலாம். அவருடைய குரலை மட்டும் கேட்டவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பீளமேட்டில் பழைய மில் ஒன்றின் எதிரே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இணையவழிப் பயிற்சி தயாரித்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம். பாடத்தையும் தேர்வையும் வடிவமைப்பது என் வேலை. அதற்கு முன் கல்லூரியில் இருந்தேன். கல்வித் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள், அதனால்தான் சபீனாவுக்கு நான் டாக்டரம்மா. நேரடி வகுப்பு எடுக்க ஒருவர் தேவைப்பட்டபோது, பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த சபீனா நேர்காணலுக்கு வந்தார். இணைய வகுப்பில் கவனத்தை எப்படித் தக்கவைப்பீர்கள் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "கேமராவ மூடிட்டு உக்காந்திருக்கறவரு கேக்கறாரா, தூங்கறாரா, மாட்டுக்குத் தண்ணி காட்டறாரான்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? அத நீங்க மொதல்ல சொல்லுங்க, அப்பறம் நான் சொல்றேன்" என்றார். வேலை கொடுத்தோம்.

முதல் பயிற்சி ஒரு வார்ப்பட ஆலைக்கு. பாதுகாப்பு விதிகள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், "புரிஞ்சுதுங்களா?" என்று சபீனா கேட்பார். "புரிஞ்சுதுங்க மேடம்" என்று எல்லோரும் சொல்வார்கள். தேர்வில் எல்லோருக்கும் முழு மதிப்பெண். எனக்கு அப்போதே சந்தேகம். சபீனா பஸ் பிடித்து ஆலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாருக்கும் சங்கடம் வந்துவிடக் கூடாது என்று மேற்பார்வையாளரே எல்லா விடைகளையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்.

"மார்க் நல்லா வந்திருக்குதுங்க டாக்டரம்மா. பாடந்தான் வரல" என்றார் சபீனா.

அதற்குப் பிறகு, 'புரிஞ்சுதா' என்று அவர் யாரையும் கேட்கவில்லை. "நம்ம ஊர்ல அது கேள்வியே இல்லீங்க. நல்லா இருக்கீங்களாங்கற மாதிரி. யாராச்சும் இல்லேன்னு சொல்லுவாங்களா?"

வகுப்பின் தொடக்கத்தில் எல்லோரையும் மைக்கைத் திறந்து வைக்கச் சொல்வார். பேச வேண்டாம், சும்மா திறந்து வைத்தால் போதும் என்பார். ஒருவர் பக்கத்தில் தறி ஓடும், ஒருவர் வீட்டில் குக்கர் விசிலடிக்கும், ஒருவர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பார். இரைச்சலால் இணைப்பு கெடுகிறது என்று நான் சொன்னேன். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர் ஆட்களைக் கண்டுபிடித்தார். "குக்கர் வெச்சிருக்கறவங்க போய் அடுப்ப அணைச்சுப்போட்டு வாங்க, நாங்க எங்கயும் போகல" என்பார். கேமரா கறுப்பாக இருந்தாலும், அடுப்பை அணைக்கப் போனவர் திரும்பி வந்துவிடுவார்.

நான்கு நான்கு பேராகப் பிரித்துத் தனித்தனி இணைய அறைகளில் பேசவிடுவது நல்ல உத்தி என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். சபீனா ஒவ்வோர் அறையாகப் போய்க் கேட்டுவிட்டு வந்து சிரித்தார். "நீங்க சொல்லுங்க", "இல்லீங்க, பெரியவங்க நீங்க சொல்லுங்க", "அட, நீங்க ஆரம்பிங்க, நான் பின்னாடி வாரேன்." எல்லா அறைகளிலும் கொடுத்த நேரம் இதிலேயே தீர்ந்திருந்தது. அடுத்த வகுப்பிலிருந்து அறைக்கு இரண்டு பேர்தான். எதிரில் இருப்பது ஒருவர் மட்டும் என்றால் மரியாதை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

மேலாளர் ஒருமுறை நட்சத்திரங்களும் பதக்கங்களும் தரும் மென்பொருள் வாங்கினார். நான் எதிர்த்தேன். சபீனா, போட்டுத்தான் பார்ப்போமே என்றார். கொதிகலன் இயக்கும் ஒரு பெரியவருக்குத் திரையில் தங்கப் பதக்கம் வந்து சுழன்றது. "ரொம்ப சந்தோசமுங்க. இத எங்க குடுத்து மாத்திக்கறதுங்க?" என்று அவர் கேட்டார். அதன் பிறகு அந்த மென்பொருளை நாங்கள் திறக்கவில்லை. சபீனாவும் நானும் ஒரே பக்கம் நின்றது அநேகமாக அந்த ஒரு விஷயத்தில்தான்.

மாணிக்கம் பிறந்தது அதற்கு அடுத்த மாதம். தவறான முறையைச் செய்துகாட்டி, கற்பவர்களையே திருத்தச் சொல்வது பழைய உத்தி. சபீனா அதைச் செய்து பார்த்தார். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் திருத்தவில்லை. வகுப்பு முடிந்த பிறகு ஒரு அம்மா மட்டும் தனியாகத் தொலைபேசியில் அழைத்து, "தப்பா எடுத்துக்காதீங்க கண்ணு, நீங்க சொன்னதுல சின்னதா..." என்று இழுத்திருக்கிறார்.

"வாத்தியாரத் திருத்தறதுக்கு இவங்களுக்கு வாய் வராதுங்க. திட்டறதுக்குன்னே ஒரு ஆளக் குடுத்துரலாம்" என்றார் சபீனா. கொடுத்தார். திரையில் ஒரு கேலிச்சித்திர மனிதர், மாணிக்கம்: பெரிய மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் அசையாத தன்னம்பிக்கை. எதையும் தப்பாகவே செய்பவர். குரல் சபீனாவுடையதுதான், தொண்டையை அடைத்துக்கொண்டு, மூக்கால் கொஞ்சம் பேசுவார்.

"பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம், பொம்மலாட்டம் நடத்தவில்லை" என்று நான் சொன்னேன்.

"ஒரு வகுப்பு பாருங்க. நல்லா இல்லேன்னா மாணிக்கத்த நானே வேலைய உட்டு நிறுத்திடறேன்."

அது ஒரு நூற்பாலை வகுப்பு. மாணிக்கம் ஓடுகிற எந்திரத்தில் பஞ்சை எடுக்கக் கையை நீட்டினார். "ஆஃப் பண்ணுனா மறுபடி ஆன் பண்ணோணும், அது எதுக்கு வெட்டி வேலைங்க?" ஒரு பெண்ணின் குரல் வந்தது. "ஏனுங்க மாணிக்கம்! மொதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க, கை போயிருமுங்க!" அடுத்து இன்னொருவர். "இவரையெல்லாம் யாருங்க வேலைக்குச் சேத்துனது?" "எங்க மாமனுங்க" என்றார் மாணிக்கம். அப்புறம் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் பாடம் முழுவதும் இருந்தது. எந்த விதி, ஏன் அந்த விதி, மீறினால் என்ன ஆகும், எல்லாம். திட்டுகிறபோதும் ஒருவரும் 'ங்க' போடத் தவறவில்லை.

நான் அப்போதும் முழுதாக நம்பவில்லை. சிரிப்பது வேறு, கற்பது வேறு என்று வாதாடினேன். அவர் ஒத்துக்கொண்டார். "சிரிக்கறாங்கன்னா அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதானுங்க எனக்கு வேணும். மிச்சத்த உங்க பரீட்ச பாத்துக்கட்டும்." எங்கள் சண்டைகள் எல்லாம் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நின்றன. ஒரு ஆலையின் மேலதிகாரி, மாணிக்கம் தொழிலாளர்களை இழிவுபடுத்துகிறார் என்று புகார் அனுப்பினார். அடுத்த பாடத்திலேயே சபீனா மாணிக்கத்துக்கு மேலதிகாரியாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார். அறிவு மட்டும் உயரவில்லை. மறுபடி புகார் வரவில்லை.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சத்தியமங்கலத்தில் ஒரு மருத்துவமனையின் வார்டு உதவியாளர்களுக்குச் சபீனா நடத்திவந்த வகுப்புகள் பாதியில் நிற்கின்றன. நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது அடுத்த பாடம். கவனமில்லாமல் செய்தால் நோயாளி விழுவார், அல்லது தூக்குகிறவரின் முதுகு போய்விடும். மேலாளர் என்னிடம் சொன்னார்: "புதன்கிழமை வகுப்ப நீங்க எடுத்துப் பாருங்க மேடம். ஒத்து வந்தா மிச்சத்தையும் நீங்களே நடத்துங்க. இல்லேன்னா வாங்கி வெச்சிருக்கற வீடியோவப் போட்டு முடிச்சிரலாம்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீடியோ நன்றாகவே எடுக்கப்பட்டது. அது யாருக்காகவும் காத்திருக்காது என்பது ஒன்றுதான் அதில் குறை.

நான் நன்றாகப் பேசத் தெரிந்தவள் அல்ல. நாலு பேர் இருக்கும் கல்யாண வீட்டில் எந்த மூலையில் உட்காரலாம் என்று பார்க்கிறவள். மாணிக்கத்தின் வசனங்களை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். பல்கலைக்கழக அறிவிப்பு போல் இருந்தது.

எங்கள் தொழில்நுட்பப் பிரிவில் இருப்பவர் ஒரு யோசனை சொன்னார். சபீனாவின் பதிவுகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைக் கொடுத்தால் அதே குரலில் மென்பொருளே மாணிக்கத்தைப் பேசவைத்துவிடும். "அவங்க பேசற மாதிரியே இருக்குமுங்க மேடம், வித்தியாசமே தெரியாது." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை, இங்கே சொல்கிறேன். கொள்கை ஒன்றும் இல்லை. அந்தக் குரல் எனக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை முழுவதும் பழைய பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பதிவில், மாணிக்கத்தின் குரலில் பேசிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்து, சபீனாவின் சொந்தக் குரல் வெளியே வந்துவிடுகிறது. "ஐயோ, மாணிக்கம் ஓடிட்டாருங்க, இருங்க புடிச்சுட்டு வாரேன்" என்கிறார். அந்த இருமலை எந்த மென்பொருளும் இரும வேண்டாம். வித்தியாசமே தெரியாமல் ஒரு குரல் வந்தால், நான் அதனிடம் பதிலுக்குச் சண்டை போடத் தொடங்கிவிடுவேன்.

அலுவலகத்தில் அவருடைய மேசை எனக்கு வலப்பக்கம். சொல்வதற்கு ஏதாவது தோன்றினால் இப்போதும் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. தினமும் பேசிக்கொண்டோம், ஆனால் நாங்கள் தோழிகளா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் வீட்டுக்கு நான் முதல்முறை போனது வெள்ளிக்கிழமைதான். ஈகைப் பெருநாளுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சபீனா, உங்களோடு வாதாட இன்னும் நிறைய வைத்திருக்கிறேன். ஒன்றுக்குக்கூட நீங்கள் இனி பதில் சொல்லப்போவதில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது. நிம்மதியாக இருங்கள்.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

சத்தியமங்கலத்து உதவியாளர்கள் மருத்துவமனை மாடியில் ஒரு கூடத்தில், பெரிய தொலைக்காட்சி முன்னால் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். செய்தி அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நான் இரண்டு வரிகள் சொன்னேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு பாடத்தைத் தொடங்கினேன். மாணிக்கத்தின் படத்தைத் திரையில் போட்டு, அவருடைய வசனத்தை என் குரலில் படித்தேன். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடாமலே நோயாளியைத் தூக்கப்போகிறார் மாணிக்கம். ஒருவரும் திட்டவில்லை. "நல்லா சொன்னீங்க மேடம்" என்றார் ஒருவர். அதைவிட மோசமாக எதுவும் நடந்திருக்க முடியாது. அடுத்த பக்கத்தைப் போட்டேன். அதற்கும் அதே மரியாதை. இங்கே எங்கள் அலுவலக அறை வாசலில் மேலாளர் வந்து நின்றிருந்தார். நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

முன்வரிசையில் இருந்த மூத்த உதவியாளர் மயிலாத்தாள் கையை உயர்த்தினார்.

"மேடம், மாணிக்கம் இன்னிக்கு லீவுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"துக்க ஊட்டுல இருப்பாருங்க, பாவம். இருந்துட்டு வரட்டும். அவரு பண்ற தப்ப இன்னிக்கு நான் பண்றனுங்க." திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "எல்லாரும் என்னையத் திட்டோணும், கேட்டுக்கங்க. வயசுல மூத்தவன்னு பாக்கப்படாது."

மூலையில் கிடந்த நிஜச் சக்கர நாற்காலியைக் கேமராவுக்கு முன்னால் இழுத்துப் போட்டார். ஒரு நர்ஸை மேசைமேல் படுக்கவைத்தார். பிரேக்கைப் போடாமல், முதுகை வளைத்து, ஒரே இழுப்பாக இழுக்கப்போனார். நாற்காலி பின்னால் ஓடியது.

"ஏனுங்க அக்கா, பிரேக்கு!" "காலு மடங்கல, முதுகு போயிருமுங்க!" "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லீட்டுத் தூக்குங்க, அது என்ன மூட்டையா?"

"நான் தூக்காத ஆளா? சும்மா இருங்க" என்று மயிலாத்தாள் திருப்பி அதட்டினார். அதற்குள் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அடுத்து நான் தப்பு பண்றனுங்க." என் பாடத்தில் இல்லாத தப்புகளையும் செய்தார்கள். நான் என் மைக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் தன் அறைக்குப் போய்விட்டார். மீதி வகுப்புகளை என் பெயரில் போட்டிருப்பதாகப் பிற்பகலில் சொன்னார்.

முடிக்கும்போது மயிலாத்தாள் தொலைக்காட்சிக்கு அருகில் வந்தார். "மேடம், அவங்க ஊடு எங்கீங்க இருக்குது? நேர்ல பாத்ததே இல்ல. துக்கம் கேக்கோணும்."

உக்கடத்தில் அவருடைய அம்மாவும் அண்ணனும் இருக்கிறார்கள் என்றேன். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்கள். எங்கே இறங்குவது, எப்படிப் போவது என்று கேட்டார்கள்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன்.