விற்காத ஆமைகளை வீட்டில் வைத்தவர்

மல்லாட்டைக் கடலையைக் களத்தில் கொட்டிக் காலால் பரப்பிக்கொண்டிருந்தபோது மகள் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். மறுமுனையில் தனம். கடற்கரைக் குப்பத்திலிருந்து அவள் பேசினால் முதலில் அலை இரைச்சல் கேட்கும், பிறகுதான் குரல் வரும். "பெரிப்பா, அக்கா பூட்டாங்க" என்றாள். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. தனத்துக்கு அக்கா என்றால் ஒருவர்தான்.

இறந்துபோன அந்தத் திண்டிவனம் ஜெசிந்தா அம்மாவை அறிந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் தன் இஷ்டத்துக்குச் சீராக்கிக்கொள்ளட்டும், ஆனால் மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூற்று மூன்றில் அவர் என்னிடம் வந்தார். பாண்டிச்சேரியில் ஒரு பயண ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டிருந்த நேரம். என்னிடம் ஒரு பழைய வேன் இருந்தது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன். "சனிக்கிழமை சனிக்கிழமை திண்டிவனம் ஸ்டேஷன்லேர்ந்து ஆளுங்கள ஏத்திக்கினு கடற்கரைக்குப் போவணும்ணே. கழுவேலி ஏரியில பறவ, மரக்காணத்துல உப்பளம், அப்புறம் தெற்கால ஒரு குப்பம். அங்க ஆமை முட்ட போடற எடம், ஓலை பின்ற பொம்பளைங்க. எல்லாத்தையும் காட்டிட்டு சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து உட்டுடலாம்" என்றார். உப்பளத்தையும் ஆமையையும் பார்க்கக் காசு கொடுத்து யார் வருவார்கள் என்று கேட்டேன். "வருவாங்க. நீங்க மொதல்ல ஹார்ன சரி பண்ணுங்க" என்றார்.

வந்தார்கள். சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், பாண்டிச்சேரியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள். ஒருமுறை சென்னைக்காரர் ஒருவர் கழுவேலிக் கரையில் வேனுக்குள் உட்கார்ந்தபடியே கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். "என்னம்மா, கூண்டு கீண்டு ஒண்ணுமே இல்ல, பறவையெல்லாம் எங்கியோ தூரத்துல கெடக்குது?" என்று கேட்டார். "கூண்டுல இருக்கறது நீங்கதான் சார், கதவத் தொறந்துகினு எறங்குங்க" என்றார் ஜெசிந்தா அம்மா. அந்த மனிதரே முதலில் சிரித்தார். அன்றைக்குப் பூநாரைகளை விட்டு அவரைக் கிளப்புவதற்குத்தான் எங்களுக்குப் பெரும்பாடாயிற்று.

குப்பத்துக்குள் போகும்போது மட்டும் அவர் முகம் மாறிவிடும். கேமராவை எடுத்தவர்களைக் கையமர்த்துவார். "போட்டோ அப்புறம். மொதல்ல அவங்க பேரக் கேளுங்க, உங்க பேரச் சொல்லுங்க" என்பார். இதை அவர் சொல்லாத சனிக்கிழமை கிடையாது.

குப்பத்து மணலில் ஆமை வந்து முட்டையிட்டால் நாயும் தோண்டும், ஆட்களும் தோண்டுவார்கள். முட்டைகளை மாற்றிப் புதைக்க மூங்கில் வேலி போட்டு ஓரிடத்தை ஒதுக்கும்படி ஊர்ப் பெரியவர்களிடம் அவர் நடையாய் நடந்தார். ஆமை பிழைத்தால் எங்களுக்கு என்ன என்று அவர்கள் கேட்டதில் தப்பில்லை. வருகிறவர்கள் ஓலைப் பெட்டியும் விசிறியும் கிலுகிலுப்பையும் வாங்குவார்கள், பெண்களுக்கு வருமானம் வரும் என்றார். பேச்சு அப்படித்தான் முடிந்தது. வேலி வந்தது. வேலிக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையும் வந்தது. தனம் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து பின்னுகிறவர்களில் ஒருத்தி. கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கை மட்டும் காற்று மாதிரி ஓடும்.

வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி, ஆமைக் குஞ்சுகள் கடலுக்கு ஓடியதைப் பார்த்த காலையில், இதே மாதிரி ஓலையில் ஓர் ஆமை கிடைக்குமா என்று கேட்டாள். ஜெசிந்தா அம்மாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. தனத்திடம் சொன்னார். தனம் ஓடும் துடுப்பும் கழுத்துமாக ஓர் ஆமையைப் பின்னிக் காட்டினாள். நகருமோ என்று தோன்றும்படி இருந்தது.

நம் பக்கத்தில் ஆமையைப் பற்றி என்ன நினைப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குப்பத்துக்காரர்கள் கடலில் கண்டால் கும்பிடுவார்கள். வலையில் சிக்கினால் வலையை அறுத்து அதைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். ஆனால் வீட்டு வாசற்படியைத் தாண்டி அது உள்ளே வரக் கூடாது. வந்தால் குடும்பம் குலையும். இது ஜெசிந்தா அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? வாங்குகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார்கள், நமக்கென்ன என்று நினைத்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் வாங்கவும் செய்தார்கள். சென்னைக்காரர்கள் கையில் எடுத்துப் பார்த்து, மெச்சி, வைத்துவிட்டு விசிறி வாங்கிக்கொண்டு போனார்கள். விற்காத ஆமைகள் கொட்டகையில் தங்கின.

ஒரு சித்திரை மாதத்தில் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை ஒழுகியது. ஓலை நனைந்தால் பூஞ்சை பூத்துவிடும் என்று தனம் எல்லா ஆமைகளையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அதே வாரம் அவள் புருஷன் ஏழுமலை கரையேறும்போது அலையில் கட்டுமரம் புரண்டு, கால் முறிந்துவிட்டது. பரணில் எதையோ தேடிய மாமியார் பச்சையம்மாள் பையை அவிழ்த்துப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் ஆட்களோடு போனபோது கொட்டகையில் ஒருவரும் இல்லை. பை வேலி ஓரம் மணலில் கிடந்தது. பச்சையம்மாள் வழியை மறித்து நின்றாள்.

"ஆமைய மூட்ட கட்டி ஊட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிட்டா பாவி! எம் புள்ள கால ஒடச்சிக்கினு கெடக்குறான். அவள அவ ஆத்தா ஊட்டுக்கே தொரத்திட்டேன். நீயும் உன் வண்டிய எடுத்துக்கினு போ."

"பெரியம்மா, தப்பு என்னுது. பின்னச் சொன்னவ நானு. விக்காதது எங்க ராத்தங்கும்னு நான் யோசிக்கல. தனம் என்னா பண்ணுவா?"

"உன் தப்ப உன் ஊட்டுல வச்சுக்கோ."

சொல்லிவிட்டுப் பச்சையம்மாள் திரும்பி நடந்தாள். ஜெசிந்தா அம்மா குரல் கொடுத்தார்: "சரி பெரியம்மா. என் ஊட்டுலயே வச்சுக்கறேன். ஒரு மாசம் போவட்டும், நீங்களே வந்து பாருங்க. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா தனத்த நீங்களே போயி கூட்டினு வரணும்." பச்சையம்மாள் திரும்பாமலே "பாக்கறேன், பாக்கறேன்" என்றாள். அவள் சொன்னதைக் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பெண்களும் தலையாட்டினார்கள்.

பையை எடுத்துக்கொண்டு வேனுக்கு வந்தபோது நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள வேணாம்மா."

"கன்னியப்பண்ணே, இது வேனு. வீடு இல்ல."

"உனுக்கு வேனு. எனுக்கு இதான் சோறு போடுது."

வந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் மேலே பார்த்தார். "சரி, கேரியர்ல கட்டுங்க. மேல இருந்தா உள்ள வந்த கணக்கு ஆவாதுல்ல?" அது ஆகாது என்று எனக்கும் பட்டது. கயிறு போட்டுக் கட்டினேன். திண்டிவனம் வரைக்கும் ஆமைகள் எங்கள் தலைக்குமேல் சவாரி செய்தன.

அவர் வீட்டில் அவர் ஒருவர்தான். முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே இருந்த பலகையில் ஆமைகளை வரிசையாக வைத்தார். நான் வாசலில் நின்றேன். உள்ளே வந்து காபி குடியுங்கள் என்றார். இங்கேயே குடிக்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே வெளியே கொண்டுவந்து கொடுத்தார்.

மாதம் முடியப் போகிற நேரத்தில் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டார். நான் போய்ப் பார்த்தபோது மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆமைகள் அதே பலகையில் இருந்தன. படிக்கு வெளியிலிருந்தே சொன்னேன்.

"தூக்கிப் போட்டுட்டு வந்துடறேம்மா. ஒருத்தருக்கும் தெரியாது."

"வேணாம்ணே."

"அப்ப பச்சையம்மா வர வேணாம்னு சொல்லிடறேன். உனுக்கு ஜொரம்னு சொல்றேன். கட்டு பிரிச்சப்புறம் வரட்டும்."

"பொய்ய சொல்லி தனத்த அந்த ஊட்டுல ஏத்தி உட்டா, அது தெரியற அன்னிக்கி மறுபடியும் எறக்கி உட்டுருவாங்க. சொன்ன நாள்லயே கூட்டினு வாங்க."

கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. பச்சையம்மாள் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, "என்னாய்யா, ஊமையா பூட்டியா?" என்று இரண்டு மூன்று தடவை சீண்டிப் பார்த்தாள். தனத்தின் வாழ்வு அந்த மாவுக்கட்டில் முடிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். சும்மா ஆமையைக் காரணம் சொல்லி ஒரு பெண்ணைத் தள்ளி வைப்பது அநியாயம் என்றும் தெரிகிறது, அந்த ஆமையைக் கண்டால் பயமாகவும் இருக்கிறது. இரண்டும் எனக்குள்ளேயே இருந்தன.

பச்சையம்மாள் வாசற்படியில் நின்றுவிட்டாள். உள்ளே ஆமைகள் தெரிந்தன. கட்டுப் போட்ட கையோடு ஜெசிந்தா அம்மா எழுந்து வந்தார்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க பெரியம்மா. கெணத்தாண்ட பாசி. கழுவாம வுட்டது நானு."

"ஒடஞ்சி எத்தினி நாளாச்சி?"

"ஆச்சு, கொஞ்ச நாளு."

"அன்னிக்கே இதுங்கள தூக்கித் தெருவுல கடாசி இருக்கலாம்ல? இன்னும் ஏன் வச்சிக்கினு குந்தினுகீற?"

"கடாசினா, ஏழுமலை கால ஒடச்சது தனந்தான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும் பெரியம்மா. பந்தயத்துல நான் தோத்துட்டேன், ஒத்துக்கறேன். அவள கூட்டினு வாங்கன்னு இனிமே கேக்க எனக்கு வாயில்ல. ஆனா அந்தப் பழிய என் கையால போட மாட்டேன்."

பச்சையம்மாள் கட்டைப் பார்த்தாள், ஆமைகளைப் பார்த்தாள், அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"சோறு யாரு ஆக்கறது?"

"இடது கையால ஏதோ பண்றேன்."

"இடது கையால என்னாத்த பண்ணுவ?" என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடி, கடலைக் கும்பிடுகிற மாதிரி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, படியைத் தாண்டி உள்ளே போனாள். ஆமை இருந்த பலகையைப் பார்க்காமல் சுவரை ஒட்டியே நடந்தாள். கருவாட்டுக் குழம்பின் வாசம் தெருவுக்கு வந்தபோதும் நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். "ஆம்பள, நீ என்னா வெளிய காவலா? வந்து துண்ணு" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நானும் போனேன்.

கிளம்பும்போது ஜெசிந்தா அம்மாவிடம் பச்சையம்மாள் சொன்னது எனக்கு ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "ஆமை ஆமைதான். அத நான் மாத்திக்க மாட்டேன். இனிமே ஒருத்தியும் அத பின்னக் கூடாது. ஆனா ஊரான் ஊட்டுப் பொண்ணு நீயே அவ பழிய ஒடஞ்ச கையில தாங்கினுகீற. நான் அவளுக்கு மாமியாக்காரி. வண்டிய அவ ஆத்தா ஊட்டுக்கு விடச் சொல்லு."

தனம் அன்று சாயங்காலம் என் வேனில்தான் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு ஓலையில் நாரையும் மீனும் பின்னினார்கள். விற்காதது எதுவாக இருந்தாலும் சனிக்கிழமை மாலை ஜெசிந்தா அம்மாவோடு திண்டிவனம் போய்விடும். அது எழுதாத சட்டமாயிற்று. வேலி நின்றது. பயணமும் பல வருஷம் நடந்தது.

இதைச் சொன்னால், கன்னியப்பன் திருந்திவிட்டான் என்று யாரும் எழுத வேண்டாம். என் வீட்டில் இன்றைக்கும் ஆமை பொம்மை வைக்க மாட்டேன். அவர் என்னை அதற்காக ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை.

கடைசி வருஷங்களில் மூச்சுக்கோளாறு அவரைப் படுத்தியது. அடக்கத்துக்குக் குப்பத்துப் பெண்கள் டெம்போ பிடித்து வந்திருந்தார்கள். அவர்கள் ஓதத் தெரியாத ஜெபத்துக்கு நடுவில், தெரிந்த மாதிரியே உதட்டை அசைத்துக்கொண்டு நின்றார்கள். தனம் மட்டும் அசைக்காமல் நின்றாள்.

அவரிடமிருந்து நான் என்ன எடுத்துக்கொண்டேன் என்று மகள் கேட்கிறாள். போன மாதம் பெருமுக்கலில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒருத்தியை, அவள் வந்த நேரம்தான் பக்கத்து வீட்டு மாடு செத்தது என்று சொல்லி ஒதுக்கினார்கள். அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் பார்க்கிற நேரமாகப் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். "ஏம்மா, தாகமா இருக்குது, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு" என்று கேட்டேன். அவள் சொம்போடு வெளியே வந்தாள். "இங்க வேணாம், உள்ள உக்காந்து குடிக்கிறேன்" என்றேன்.