பதினொரு அமெரிக்கப் பட்டங்கள்

என் கோப்பில் இருக்கும் வரன் விவரத் தாளில் 2023 மார்ச் என்று தேதியிட்டிருக்கிறது. தட்டச்சு செய்தவன் நான். ‘கல்வி’ என்ற இடத்தில் அக்கா சொல்லச் சொல்ல அடித்தேன்: ‘அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பதினொரு சான்றிதழ்கள்.’

மாப்பிள்ளை அக்காவின் மகன். லிப்ட் பழுதுபார்ப்பவன். படிப்பு போதாது என்று நான்கு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தான்.

2001இல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைப்பதாக அறிவித்தது. 2011இல் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் சிறுபகுதிதான். 2020இல் பெருந்தொற்று எல்லோரையும் வீட்டில் அடைத்தபோது, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் என் மருமகனும் கண்ணில் பட்ட பாடத்திலெல்லாம் சேர்ந்தான்.

சேர்ந்தவுடன் பல்கலைக்கழகச் சின்னத்தோடு வாழ்த்து மின்னஞ்சல் வரும். அக்கா அந்த வாழ்த்துகளைக் கலரில் அச்சிட்டு, லேமினேட் செய்து, சுவரில் மாட்டிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் படிப்பென்றால் சுவரில் தொங்க வேண்டும். மூன்று ‘பட்டங்கள்’ ஒரே பிற்பகலில் பெறப்பட்டிருந்ததைத் எதிலும் முதலில் தேதியைப் பார்க்கும் பழக்கமுள்ள நான் கவனித்தேன். கவனித்தும் அடித்தேன்.

கிள்ளானிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணும் வந்தாள்.

“அமெரிக்காவுல எத்தன வருஷம் இருந்தீங்க தம்பி?” என்றார் அவள் அப்பா.

“போகல அங்கிள். இதே சோபாதான்.”

“ஆன்லைன்லா! இப்பல்லாம் அப்படித்தான்,” என்று அக்கா முந்திக்கொண்டாள்.

பெண் எழுந்து சுவரில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“இந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கோர்ஸ் நானும் சேந்தேன். ரெண்டாவது வாரமே ஓடிட்டேன். நீங்க?”

“முதல் வீடியோ. அதுவும் பாதி.”

“மத்த பத்தும்?”

“பாஸ்வேர்டே மறந்துபோச்சு.”

“அப்ப இதெல்லாம் என்னம்மா?” என்றார் அப்பா.

“வாங்க வாங்கன்னு கூப்பிட்ட லெட்டர்பா. பதினோரு யுனிவர்சிட்டி கூப்பிட்டும் போகாத ஆளு!”

முதலில் சிரித்தவர் அப்பாதான். அக்கா சிரிக்கவில்லை, பலகாரத் தட்டை நீட்டினாள்.

மறு ஆண்டு கிள்ளானில் கல்யாணம். அக்கா சுவரிலிருந்து ஒன்றையும் கழற்றவில்லை. அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாடத்தைத் தன் மனைவி முழுதாக முடித்தவள், அன்று தன் மானத்தைக் காக்கவே பாதியில் ஓடியதாக மாற்றிச் சொன்னாள் என்கிறான் மருமகன். கேட்டால் அவள் சிரிக்கிறாள். சான்றிதழ் எதையும் நான் பார்த்ததில்லை. எனவே இது உறுதிசெய்யப்படாத தகவல்.