என் பேரில் படுத்திருந்தவன்

பட்டாசுக் கம்பெனியில் வேலைக்கான அட்டை ஒருத்தன் பேரில் இருக்கும். வேலை பார்ப்பவன் வேறொருத்தனாக இருப்பான். தீபாவளி சீசனில் ஒரு நாள் வராவிட்டாலும் இடம் போய்விடும் என்பதால், எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இதுதான் நடைமுறை. "அட்டைக்கு ஒரு ஆளு வந்தாப் போதும், மூஞ்சியை யாரு பாக்கா" என்பார் எங்கள் போர்மேன். அப்படித்தான் நான் திருத்தங்கலில் ஒரு காதுகுத்துக்குப் போன அன்று, என் பெண்டாட்டியின் தம்பி என் அட்டையோடு வேலைக்குப் போனான்.

மத்தியானம் வெடிமருந்து பற்றிக்கொண்டு அவனுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. சிவகாசி ஆஸ்பத்திரியில் பேர் கேட்டிருக்கிறார்கள். என் பேரைச் சொல்லியிருக்கிறான். நான் முன்பு அங்கே காய்ச்சலுக்குப் படுத்தவன். கம்ப்யூட்டரில் என் விவரம் பூராவும் இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே விருதுநகரிலும் ஒரு பெரிய ஆஸ்பத்திரி உண்டு. விவரத்தைக் கம்ப்யூட்டரிலேயே அங்கே தட்டிவிட்டு, அவனை வேனில் ஏற்றினார்கள். அவன் போய்ச் சேருமுன் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

நிசமான நான் சேதி கேட்டு விருதுநகருக்குப் பைக்கில் போய் இறங்கியபோது வாசலில் போர்மேன்.

"ஏலே, நீ உள்ள படுத்திருக்கே. இங்கன நிக்காதே, போயிரு. ஆள் மாத்துனது தெரிஞ்சா கம்பெனியைப் பூட்டிருவாக."

அவர் சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே போனேன். மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தான். நர்சம்மா அவனுக்குப் போட ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தார். என்ன ஊசி என்று கேட்டேன். பென்சிலின் என்றார். சாத்தூரில் ஒரு தடவை அதைப் போட்டுத்தான் அவன் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, சாகக் கிடந்து பிழைத்தான்.

"அது அவனுக்கு ஆகாதும்மா."

"ஆகும்னு கம்ப்யூட்டர்ல இருக்குண்ணே. முன்ன போட்டிருக்காக, ஒண்ணும் செய்யல."

"அது எனக்குப் போட்டது."

"நீங்க யாரு?"

பின்னாலேயே வந்திருந்த போர்மேன் அறை வாசலில் நின்று இருமினார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆளு நான்தாம்மா. படுத்திருக்கிறவன் என் மச்சினன்."

நர்சம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். வேறு மருந்து எழுதினார்கள். இரண்டு பேருக்கும் இனி கம்பெனியில் வேலை இல்லை என்று போர்மேன் அங்கேயே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அவன் கண் முழித்ததும் ஒரு பிடி பிடித்தேன். "பேரு என் பேராவே இருந்துட்டுப் போகட்டும்லே. அந்த ஊசி ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்ல முடியும் மச்சான்? உங்களுக்குத்தான் எந்த ஊசியும் ஒத்துக்குமே" என்றான்.