நாசகாரி பார்க்கிறதா, கேட்கிறதா?

அன்ரன் மாஸ்ரர் போய்விட்டார் என்ற செய்தி ரொறன்ரோவிலிருந்து வந்தபோது நான் உரும்பிராய்ச் சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசிக்கொண்டு நின்றேன். அவருடைய மகள் செலின்தான் அழைத்தாள். "அன்ரி, அப்பா விடிய போயிட்டார். உங்களுக்கு முதல் சொல்லச் சொன்னவர்," என்றாள். காய்களைக் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் ரியூட்டரி என்ற தனியார் வகுப்பு நிலையத்தில் அவரிடம் கணிதம் படித்தவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறீர்கள். கொம்பியூட்டர் விளையாட்டுப் பைத்தியம் என்று அவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருக்கிறீர்கள், நானும் சிரித்தவள்தான். அந்தப் பைத்தியத்தால் எனக்கு என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

மாஸ்ரர் குருநகர் ஆள். தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கியதும் கரையோரச் சனம் எங்கள் பக்கம் இடம்பெயர்ந்து வந்தது. மற்றவர்கள் அரிசி, பாய், கோழி என்று கொண்டுவர, இவர் மனைவியையும் கைக்குழந்தையையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, கைபிடியில் ஒரு பையையும் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். பைக்குள் லண்டன் மாமா முன்னொரு காலத்தில் அனுப்பிய சின்னக் கொம்பியூட்டர். அதை ரீவியில் கொழுவினால் படம் வரும். விளையாட்டு, பாட்டுக் கசற் மாதிரியே ஒரு கசற்றில் இருந்தது. மின்சாரமே இல்லாத ஊருக்குக் கொம்பியூட்டரோடு வந்த மனிதரை நாங்கள் சும்மா விடுவோமா? அவர் அசரவில்லை. கார் பற்றரி ஒன்றையும் அதில் வேலைசெய்யும் சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி ஒன்றையும் எங்கேயோ தேடிப்பிடித்தார். பற்றரியைக் கரியரில் கட்டி அச்சுவேலிக்கு மிதிப்பார். அங்கே ஒருவர் ஜெனரேற்றரில் சார்ஜ் பண்ணிக் கொடுப்பார். அது ஒரு பின்னேர விளையாட்டுக்குக் காணும். பற்றரி இறங்க இறங்க ரீவிப் படம் ஓரங்களிலிருந்து சுருங்கி, கடைசியில் ஒரு புள்ளியாகிவிடும்.

விளையாட்டு இதுதான். நீர்மூழ்கிக் கப்பலுக்கு நீங்கள் கப்டன். மேலே எதிரியின் நாசகாரிக் கப்பல்கள் உங்களைத் தேடும், கண்டுபிடித்தால் தண்ணீருக்குள் குண்டு போடும். மாஸ்ரர் ஒருநாளும் திருப்பி அடித்ததில்லை. "அடிச்சால் நிக்கிற இடம் தெரிஞ்சிடும் ரீச்சர். தப்புறதுதான் வடிவான கணக்கு," என்பார்.

அந்தக் காலத்து என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் அதே ரியூட்டரியில் பௌதிகம் படிப்பித்தேன். மாஸ்ரர் வந்த அதே வருஷம் என் தம்பி குண்டு விழுந்து செத்தான். சொன்னபடி ஓடி, சொன்னபடி பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் குனிந்து இருந்தவன் அவன். குண்டு பங்கரின் மேலேயே விழுந்தது. அதற்குப் பிறகு நான் பங்கருக்குள் போவதை விட்டுவிட்டேன். குண்டு போடும் பொம்பர் விமானம் வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் ஓடுவார்கள், நான் வகுப்பில் கதிரையில் இருப்பேன். அம்மா அழுதார், ரியூட்டரி அதிபர் ஏசினார். நான் அசையவில்லை. சாகவேண்டும் என்று நினைத்ததாகச் சொல்லமாட்டேன். இருப்பதற்காகச் சிரமப்பட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மாஸ்ரர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. ஒரு பின்னேரம் ரியூட்டரியில் ரீவிக்கு முன்னால் இருந்தபடி வேறொன்று கேட்டார்.

"ரீச்சர், இந்த நாசகாரியை ஓட்டுறது கொம்பியூட்டர். எங்கடை கப்பல் நிக்கிற இடமும் அதுக்குத் தெரியும். பிறகேன் தேடுது?"

"சும்மா நடிக்குது," என்றேன். "எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் விளையாடுது. நாங்கள் ஒளிச்சாலும் ஒண்டு, ஒளிக்காட்டிலும் ஒண்டு."

நான் விளையாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது. அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"பாக்காமல் அப்பிடிச் சொல்லக்கூடாது. உண்மையிலை எங்கடை சத்தத்தைக் கேட்டு வருகுதோ, இடத்தைப் பாத்துக்கொண்டு கேக்கிற மாதிரி நடிக்குதோ? எப்பிடிப் பிடிக்கலாம்? நீங்கள் பௌதிகக்காரி, சொல்லுங்கோ."

தம்பி போனபிறகு முதல்தடவையாக ஒரு கேள்வி என் தலைக்குள் ஏறி இருந்துகொண்டது. சோறு வடிக்கும்போதும் அதுதான், வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதும் அதுதான். கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தபோது வழி தெரிந்தது. வாளியைப் போட்டுவிட்டு ஈரக்கையோடு ரியூட்டரிக்குப் போனேன்.

"மோட்டரை முழு வேகத்திலை விட்டுச் சத்தம் போடுங்கோ. பிறகு வேகத்தை ஆகக் குறைச்சு, சத்தமில்லாமல் விலத்திப் போங்கோ. நாசகாரி சத்தம் வந்த இடத்துக்குப் போனால் கேக்குது. நேரே எங்களிட்டை வந்தால் பாக்குது."

மாஸ்ரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "உதைச் செய்யத்தான் வேணும்," என்று அப்போதே பற்றரியைக் கரியரில் கட்டத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை நான் வகுப்பைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பொம்பர் வந்தது. பிள்ளைகள் ஓடினார்கள். நான் வழக்கம்போல் கதிரையில் இருந்தேன். மாஸ்ரர் வாசலில் வந்து நின்றார்.

"செய்து பாத்திட்டன்," என்றார்.

"என்ன நடந்தது?"

"பங்கருக்குள்ளை வாங்கோ, சொல்லுறன்."

"இங்கை சொல்லுங்கோ."

"இங்கை சொல்லமாட்டன்."

சொல்லிவிட்டுத் திரும்பி விறுவிறுவென்று பங்கர்ப் பக்கம் நடந்தார். எனக்குப் பொல்லாத கோபம். நான் கண்டுபிடித்த பரிசோதனை, எனக்கே முடிவு சொல்லமாட்டாராம்! பொம்பர் ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. பயந்து எழும்பினேன் என்றோ அம்மாவை நினைத்து எழும்பினேன் என்றோ எழுதினால் பொய். எனக்கு முடிவு தெரியவேண்டியிருந்தது. ஓடிப்போய் உள்ளே இறங்கினேன்.

"சத்தம் வந்த இடத்துக்குத்தான் போனது ரீச்சர்," என்று அவர் தொடங்கினார். அந்த நேரம் எங்கேயோ குண்டு விழுந்து, மேலே அடுக்கியிருந்த பனங்குற்றிகளுக்கு இடையால் மண் கொட்டியது. பிள்ளைகள் கத்தினார்கள்.

"நிப்பாட்டாதேங்கோ, சொல்லுங்கோ," என்றேன்.

"அங்கை நிண்டு சுத்திச் சுத்திக் குண்டு போட்டது. நாங்கள் மற்றப் பக்கத்தாலை போயிட்டம்."

"அப்ப கேக்குது!"

"முதல்தரம் கேட்டது. ரண்டாந்தரம் எங்கடை பக்கம் திரும்பிற மாதிரி இருந்தது. அதுக்குள்ளை பற்றரி முடிஞ்சுது."

"திரும்பினதோ, இல்லையோ?"

"தெரியாது. வாற கிழமைதான் பாக்கலாம்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. "என்ரை தம்பியும் இப்பிடி உள்ளைதான் இருந்தவன்," என்றேன்.

"ஓம். தெரியும்," என்றார். "அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை ரீச்சர். பதில் இல்லை எண்டதுக்காக நீங்கள் வெளியிலை இருக்கவேணுமோ?"

அன்றைக்குப் பங்கர் என் உயிரைக் காப்பாற்றியது என்று கதை விட எனக்கு விருப்பமில்லை. குண்டு தூரத்தில்தான் விழுந்தது. கதிரையிலேயே இருந்திருந்தாலும் தப்பியிருப்பேன். ஆனால் வாற கிழமை என்று ஒன்று எனக்கு வந்துவிட்டது. அந்தக் கிழமை நாசகாரி மறுபடி சத்தத்துக்கே போனது. சரி, ஆழம் கூடினால் கேட்குமா? ஒரு நாசகாரி கேட்டதை மற்றதுக்குச் சொல்லுமா? ஒவ்வொரு முடிவையும் மாஸ்ரர் பொத்திவைத்து, பொம்பர் வரும்போது பங்கருக்குள்தான் அவிழ்ப்பார். தந்திரம் எனக்கு மூன்றாம் தரமே பிடிபட்டுவிட்டது. பிடிபட்டபிறகும் நான்தான் முதல் ஆளாக இறங்கினேன்.

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் ஆளுக்கொரு திக்காகப் போனோம். அவர் குடும்பத்தோடு கனடா போய்ச் சேர்ந்தார். நான் ஊர் திரும்பினேன். அம்மாவைக் கடைசிவரை பார்த்தேன், ஓய்வு பெறும்வரை படிப்பித்தேன். தம்பி ஏன் செத்தான் என்பதற்கு இன்றைக்கும் பதில் இல்லை. அது இல்லாமலே இவ்வளவு காலம் இருந்துவிட்டேன். எனக்கு அந்த வருஷங்களை எடுத்துத் தந்தவர் அன்ரன் மாஸ்ரர். இதை அவரிடம் நேரில் சொல்லியிருக்கலாம், சொன்னால் வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றியிருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அறிய ஆசைப்படும் இந்தக் குணம்தான். செய்தி வந்த மறுநாள் காலை எனக்கு எழும்ப மனமில்லை. ஆருக்காக எழும்புவது என்று பாயில் கிடந்தேன். முற்றத்தில் ஒரு குருவி கத்தியது, நான் இதுவரை கேட்காத குரல். அது என்ன குருவி என்று பார்க்க எழும்பிப் போனேன்.