நீலமாக நின்ற சொல்

இது கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நம்பாமல் இருக்கத்தான் எனக்கும் ஆசை.

அக்கா ஒரு தட்டச்சுக் கடையில் வேலை பார்த்தாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட என்னையும் அங்கேயே சேர்த்துவிட்டாள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். கீபோர்டு எனக்கு, மவுஸ் அவளுக்கு. நான் அடித்ததை அவள் சரிபார்ப்பாள். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஒவ்வொரு சொல்லின் மேலும் இரண்டு தட்டு. டக்டக். சொல் நீலமாகும். சரியாக இருந்தால் அடுத்த சொல்லுக்குப் போவாள். தப்பாக இருந்தால் அதை நீலமாகவே நிறுத்திவிடுவாள். வாயைத் திறக்க மாட்டாள். நான் அதன் மேலேயே அடிப்பேன்; பழைய சொல் அழிந்து புதியது வரும். அது சரியென்றால், வரியின் கடைசியில் ஒரே ஒரு தட்டு. டக்.

"என்னம்மா இது, பேன் குத்துற மாதிரி சத்தம்?" என்பார் கடைக்காரர். அவருக்கு முழு வழுக்கை.

"உங்க தலையில அதுக்கும் வழியில்லையேண்ணே" என்பாள் அக்கா. நான் தலையைக் குனிந்து சிரிப்பேன்.

ஒரு திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல். அக்கா தனியாக வேலைக்குக் கிளம்பினாள். கடைக்கு வந்து சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை.

வியாழக்கிழமை அப்பா சொன்னார்: "நீயே ஒரு நோட்டீஸ் அடிச்சு வைம்மா. நாலரைக்கு வந்து வாங்கிக்கறேன்." அந்த மூன்று நாளில் அவர் குரலே மாறிப்போயிருந்தது.

மதியம் 2:35. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நான் மட்டும்தான். அடித்தேன்.

காணவில்லை. வயது இருபத்தாறு. மாநிறம். கடைசியாகப் பார்த்த இடம்: சந்தை.

அதற்கு மேல் ஓடவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

டக்டக்.

'காணவில்லை' நீலமானது.

மவுஸ் பழசு, பட்டன் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். டக்டக். 'வயது'. டக்டக். 'இருபத்தாறு'. மவுஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. அம்புக்குறி மட்டும் நகர்ந்தது. அக்கா படிக்கும் அதே வேகம்.

'சந்தை' நீலமானது. அங்கேயே நின்றது.

மணி 2:41.

தப்பு என்கிறாள். என் விரல்கள் தாமாகவே அடித்தன. 'ஆஸ்பத்திரி'.

டக்டக். நீலம்.

'ரயிலடி'. டக்டக். நீலம்.

கடைக்குப் பின்னால் பாதியில் நின்றுபோன ஓர் அடுக்குமாடி உண்டு. நேரமாகிவிட்டால் அக்கா அதற்குள் புகுந்துதான் வருவாள். 'கட்டடம்' என்று அடித்தேன்.

டக்.

ஒரே ஒரு தட்டு.

அடுத்த வரியில் 'மாடி' என்று அடித்தேன். டக்டக். நீலம். 'லிஃப்ட்'. வெகுநேரம் ஒன்றுமில்லை... பிறகு டக்டக். நீலம்.

'தொட்டி'.

...டக்.

மணி 2:57. அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். தெருவில் நின்று கத்தியிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. ஒரே ஒரு சொல்லை அடித்தேன்.

'செத்துட்டியா'

டக்...

டக்.

இரண்டு தட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம். சொல் நீலமாகவில்லை. அதன் நடுவில் கர்சர் மட்டும் சிமிட்டியது.

மறுபடி. டக்... டக்.

மறுபடி.

டக்டக்.

சொல் நீலமானது. அப்படியே நின்றது.

ஒயரைப் பிடுங்கினேன். ஓடினேன். கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

கடைக்காரர் வந்து கதவைத் தட்டினார். "என்னம்மா, வயிறு சரியில்லையா?"

"ஆமாண்ணே."

அவரிடம் என்னவென்று சொல்வது? பேய் வந்தது என்றா? காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவின் குரல் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். "அப்பா... பின்னாடி கட்டடம்... தொட்டி" என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. ஓடினார். கடைக்காரரும் ஓடினார்.

தரைக்கு அடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி. மேலே மூடியிருந்த பலகை முறிந்திருந்தது. உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு கால் ஒடிந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அக்கா. கண் மூடியிருந்தது.

மேலே தூக்கிக் கிடத்தினார்கள். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். மணி 4:55.

"திங்கக்கிழமையே போயிட்டாளா டாக்டர்?" என்று கேட்டார் அப்பா.

"இல்லைங்க. உடம்பு இன்னும் சூடாத்தான் இருக்கு. உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது."

நான் தாழ்ப்பாளைத் திறந்தது நாலரைக்கு.